அப்பாயின்ட்மென்ட் புக்கிங் ஆப்பை சொந்த சர்வர்ல டாக்கர் வச்சு ஓட்டுறது எப்படி

ஒரு லிங்க் அனுப்பினா போதும், எதிர்ல இருக்கறவங்க காலி நேரத்தைப் பார்த்து அவங்களே ஸ்லாட் எடுத்துக்கணும். ஆனா அதுக்காக மாசாமாசம் தலைக்கு இவ்வளவுன்னு சந்தா கட்டவும் மனசில்ல, வர்றவங்க பேரும் ஃபோன் நம்பரும் வேற யாரோட டேட்டாபேஸ்லயோ கிடக்கறதும் பிடிக்கல. இப்படி நினைக்கிறவங்களுக்குத்தான் இந்த வழிகாட்டி. லினக்ஸ் டெர்மினலைத் திறந்து ஒரு ஃபோல்டருக்குள்ள போயி ஒரு ஃபைலை எடிட் பண்ணத் தெரிஞ்சா போதும், டாக்கரை, அதாவது ஒரு ஆப்பை அதுக்குத் தேவையான எல்லாத்தோடயும் தனிப் பெட்டியா ஓட்டுற கருவியை, முன்னப்பின்ன தொட்டதே இல்லைனாலும் பரவாயில்ல.

ஒன்னு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். ஆப்பை ஓட வைக்கிறது சின்ன வேலை, ஒரு காபி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும். ஆனா புக்கிங் ஆப்ல தப்பு நடந்தா அது சத்தமே போடாது. சைட் அழகா திறக்கும், ஸ்லாட் காட்டும், புக்கும் ஆகும், ஆனா மெயில் போயிருக்காது, இல்ல ஒரு மணி நேரம் தள்ளிப் பதிவாகியிருக்கும், ஆள் வந்து நின்ன பிறகுதான் நமக்கே தெரியும். அதனால இன்ஸ்டாலை வேகமா முடிச்சிட்டு டைம் ஜோன், மெயில், பேக்கப் இந்த மூணுலயும் கொஞ்சம் நின்னு நிதானமா போவோம்.

கமாண்டுகளை எல்லாம் உச்சரிப்புலயே எழுதிருக்கேன், டெர்மினல்ல அடிக்கும்போது ஆங்கில சின்ன எழுத்துல, வார்த்தைக்கு நடுவுல ஒரு ஸ்பேஸ் விட்டு அடிங்க.

எந்த ஆப்

சொந்த சர்வர்ல ஓட்டக்கூடிய ஆப் நாலஞ்சு இருக்கு. கால் டாட் காம் பார்க்க பளபளன்னு இருக்கும், நிறைய இன்டகிரேஷன் உண்டு, ஆனா அது நெக்ஸ்ட் ஜேஎஸ்ல எழுதினது, போஸ்ட்கிரெஸ்னு ஒரு டேட்டாபேஸ் வேணும், மெமரியும் நல்லா சாப்பிடும், செட்டிங்ஸும் ஒரு வண்டி இருக்கு, முதல் முயற்சிக்கு அது வேண்டாம்னுதான் சொல்வேன். ரேலி அப்படின்னு இன்னொன்னு, ஆனா அது நாலு பேர் சேர்ந்து எந்த தேதி ஒத்துவரும்னு ஓட்டுப் போடறதுக்கு, ஸ்லாட் புக் பண்றதுக்கு இல்ல. புதுசா வர்றவங்களுக்கு நான் கைகாட்டுறது ஈஸி அப்பாயின்ட்மென்ட்ஸ். பிஹெச்பியும் மைஎஸ்கியூஎல்லும் தான், ஜிபிஎல் லைசென்ஸ், டாக்கர் ஹப்ல அவங்களே போட்ட இமேஜ் இருக்கு, சர்வீஸ் (என்ன வேலை), ப்ரொவைடர் (அதைச் செய்யறவர்), கஸ்டமர் (புக் பண்றவர்)னு விஷயங்களைப் பிரிச்சு வச்சிருக்கறது ஒரு தடவை பார்த்தாலே புரிஞ்சிடும். கீழ வர்ற உதாரணம் எல்லாம் அதை வச்சுத்தான், ஆனா வேற ஆப் எடுத்தாலும் முக்கால்வாசி இதேதான்.

என்னென்ன கையில இருக்கணும்

ஒரு லினக்ஸ் சர்வர், உபுண்டு இல்லன்னா டெபியன். ஒரு ஜிபி ரேம்ல ஓடும், ஆனா மைஎஸ்கியூஎல் 8 சும்மா உட்கார்ந்திருந்தாலே சில நூறு எம்பி எடுத்துக்கும், ரெண்டு ஜிபி இருந்தா நிம்மதி. ஒரு டொமைன் பேரு, அதுல புக்கிங்னு ஒரு சப்டொமைன் போட்டு சர்வரோட ஐபிக்கு ஏ ரெக்கார்டு, அதாவது இந்தப் பேருக்கு இந்த ஐபின்னு சொல்ற டிஎன்எஸ் பதிவு, வச்சிடுங்க. இதை முதல் வேலையா செய்யுங்க, ஏன்னா டிஎன்எஸ் பரவ நேரம் எடுக்கலாம், அதுக்குள்ள மத்த வேலையைப் பார்த்துக்கலாம். அப்புறம் மெயில் அனுப்ப ஒரு எஸ்எம்டிபி அக்கவுன்ட், இதைப் பத்தி பின்னாடி பேசுவோம்.

டாக்கரை ஏத்துறது

டிஸ்ட்ரோல வர்ற பேக்கேஜை விட டாக்கரோட சொந்த ரெப்போவைச் சேர்த்து அதுலேர்ந்து இன்ஸ்டால் பண்றது நல்லது, அதுல கம்போஸ் பிளகினும் (பல கன்டெய்னர்களை ஒரே ஃபைல்ல எழுதி ஓட்டுறதுக்கு) சேர்ந்தே வரும். பழைய டுடோரியல்கள்ல டாக்கருக்கும் கம்போஸுக்கும் நடுவுல ஹைஃபன் போட்டிருப்பாங்க, அது வெர்ஷன் 1, 2023 ஜூலையோட அதை நிறுத்தியாச்சு. இப்ப நடுவுல ஸ்பேஸ். அதே மாதிரி ஃபைலோட முதல் வரியில வெர்ஷன்னு எழுதச் சொல்லி எங்கயாவது பார்த்தீங்கன்னா அதுவும் காலாவதி ஆனதுதான், விட்டுடுங்க.

சூடோ போடாம ஓட்டலாம்னு சொல்லி உங்க யூசரை டாக்கர் குரூப்ல சேர்க்கச் சொல்வாங்க. சேர்க்கலாம், ஆனா அந்த குரூப்ல இருக்கறவங்களுக்கு ரூட், அதாவது சர்வரோட முழு அதிகாரம், கிடைச்ச மாதிரிதான்னு தெரிஞ்சு சேருங்க. சர்வர்ல வேற ஆளுங்களும் இருந்தா சூடோவே இருக்கட்டும்.

இமேஜ், கன்டெய்னர், வால்யூம் இந்த மூணு வார்த்தை மட்டும் தெளிவா இருந்தா போதும். இமேஜ்ங்கிறது அச்சு, கன்டெய்னர் அதுல வார்த்த பொம்மை, உடைச்சுப் போட்டுட்டு அதே அச்சுல இன்னொன்னு வார்த்துக்கலாம். அதனாலதான் கன்டெய்னருக்குள்ள எதையும் சேமிச்சு வைக்கக் கூடாது, அழிஞ்சிடக் கூடாதது எல்லாம் வால்யூம்ல இருக்கணும். நம்ம விஷயத்துல அது டேட்டாபேஸ், அதாவது மைஎஸ்கியூஎல் கன்டெய்னருக்குள்ள வார் கீழ லிப் கீழ மைஎஸ்கியூஎல்னு இருக்கற ஃபோல்டர்.

கம்போஸ் ஃபைல்

ஒரு ஃபோல்டர் போடுங்க, அதுக்குள்ள கம்போஸ் டாட் யாமல்னு ஒரு ஃபைல். யாமல்ல இடைவெளிதான் இலக்கணம், டேப் அடிக்கவே கூடாது, ரெண்டு ஸ்பேஸ் வச்சே உள்ள தள்ளிக்கிட்டுப் போங்க. எரர் வந்தா பத்துல எட்டு தடவை இதுதான் காரணமா இருக்கும்.

சர்வீசஸ்னு தொடங்கி அதுக்குக் கீழ மூணு சர்வீஸ். முதல்ல ஆப்: இமேஜ் பேருக்குப் பின்னாடி கோலன் போட்டு லேட்டஸ்ட்னு எழுதாம ஒரு குறிப்பிட்ட வெர்ஷன் நம்பரை எழுதுங்க, இல்லன்னா ஒரு நாள் புது இமேஜை இறக்கும்போது (புல்) சொல்லாம கொள்ளாம பெரிய வெர்ஷன் மாறி டேட்டாபேஸோட ஒட்டாம நிக்கும். ரெண்டாவது மைஎஸ்கியூஎல் 8, அதுக்கு மேல சொன்ன ஃபோல்டர்ல ஒரு வால்யூம். மூணாவது காடி, அதுதான் வெளியிலேர்ந்து வர்ற டிராஃபிக்கை வாங்கி உள்ள கொடுக்கற ரிவர்ஸ் ப்ராக்ஸி. மூணுக்குமே ரீஸ்டார்ட்னு எழுதி கோலன், அப்புறம் அன்லெஸ் ஹைஃபன் ஸ்டாப்டுன்னு போட்டுடுங்க, சர்வர் ரீபூட் ஆனாலும் தானா எழுந்து வரும்.

ஆப்புக்குக் கொடுக்கற என்விரான்மென்ட் வேரியபிள்கள், அதாவது வெளியிலேர்ந்து கொடுக்கற செட்டிங்ஸ், பெரிய எழுத்துல, நடுவுல அண்டர்ஸ்கோர். பேஸ் யூஆர்எல்ல உங்க சப்டொமைன் முழு முகவரியும், ஹெச்டிடிபிஎஸ்ஸோட. அந்த எஸ் விட்டுப்போனா பேஜ் வெறும் எழுத்தா, டிசைனே இல்லாம நிக்கும், ஏன்னா ஸ்டைல் ஃபைலை எல்லாம் பாதுகாப்பில்லாத முகவரியில கேட்குதுன்னு பிரவுசர் தடுத்துடும். டீபக் மோடை ஃபால்ஸ் ஆக்குங்க. டிபி ஹோஸ்ட்ல லோக்கல்ஹோஸ்ட்னு எழுதிட்டு கனெக்‌ஷன் கிடைக்கலையேன்னு முழிக்கறவங்கதான் அதிகம். கன்டெய்னருக்குள்ள லோக்கல்ஹோஸ்ட்னா அந்த கன்டெய்னர் மட்டும்தான், பக்கத்துல இருக்கற டேட்டாபேஸ் அதுக்கு வேற மெஷின் மாதிரி. கம்போஸ் ஃபைல்ல டேட்டாபேஸ் சர்வீஸுக்கு என்ன பேரு வச்சீங்களோ, மைஎஸ்கியூஎல்னா மைஎஸ்கியூஎல், அதைத்தான் ஹோஸ்ட்டா எழுதணும், டாக்கரே அந்தப் பேரை ஐபியா மாத்திக்கும்.

அவங்க கொடுக்கற மாதிரி ஃபைல்ல டேட்டாபேஸுக்கு ரூட் யூசரும் சீக்ரெட்னு பாஸ்வேர்டும் இருக்கும். அது டெஸ்டுக்கு மட்டும். தனியா ஒரு யூசர், நீளமான பாஸ்வேர்டு, ரெண்டையும் கம்போஸ் ஃபைல்ல எழுதாம பக்கத்துலயே டாட் என்வ்னு ஒரு ஃபைல்ல வச்சு அங்கேர்ந்து எடுக்க வையுங்க. பாஸ்வேர்டுல டாலர் குறி வேண்டாம், கம்போஸ் அதை வேரியபிள்னு நினைச்சு முழுங்கிடும், எழுத்தும் எண்ணும் மட்டும் முப்பது கேரக்டர் இருந்தா தாராளம்.

இந்த இடத்துல நிறைய பேர் தலையைப் பிச்சுக்குற விஷயம் ஒன்னு. மைஎஸ்கியூஎல் இமேஜ் அந்த பாஸ்வேர்டு வேரியபிளை முதல் தடவை, அதாவது டேட்டா ஃபோல்டர் காலியா இருக்கும்போது மட்டும்தான் படிக்கும். அப்புறம் ஃபைல்ல பாஸ்வேர்டை மாத்தி எத்தனை தடவை ரீஸ்டார்ட் பண்ணாலும் உள்ள பழசுதான் இருக்கும், ஆப் ஆக்சஸ் டினைடுன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். இன்னும் டேட்டா எதுவும் இல்லைனா வால்யூமையே அழிச்சிட்டு மறுபடி தொடங்குங்க, டேட்டா இருந்தா உள்ள போயி ஆல்டர் யூசர் கமாண்டுல மாத்துங்க.

இன்னொன்னு, ஆப் சர்வீஸ்ல டிபெண்ட்ஸ் அண்டர்ஸ்கோர் ஆன்னு போட்டா டேட்டாபேஸ் தயாரானதும்தான் ஆப் தொடங்கும்னு நினைப்போம், அப்படி இல்ல, டேட்டாபேஸ் கன்டெய்னர் ஸ்டார்ட் ஆச்சான்னு மட்டும்தான் பார்க்கும். தயாரா இருக்கான்னு பார்க்கணும்னா டேட்டாபேஸுக்கு ஒரு ஹெல்த்செக் எழுதி, டிபெண்ட்ஸ் ஆன்ல கண்டிஷன் சர்வீஸ் அண்டர்ஸ்கோர் ஹெல்தின்னு கொடுக்கணும். மைஎஸ்கியூஎல்அட்மின் (ஒரே வார்த்தை) பிங்னு ஒரு கமாண்டு இருக்கு, ஹெல்த்செக்குக்கு அது போதும்.

போர்ட்டும் ஹெச்டிடிபிஎஸ்ஸும்

ஆப்புக்கும் டேட்டாபேஸுக்கும் போர்ட்ஸ்னு எதையுமே எழுதாதீங்க. மூணும் ஒரே கம்போஸ் ஃபைல்ல இருக்கறதால உள்ளுக்குள்ள பேசிக்கும், வெளிய தெரிய வேண்டியது காடியோட 80, 443 மட்டும்தான். இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால்ல எல்லாத்தையும் மூடிட்டேன்னு நம்பிக்கிட்டு இருப்பாங்க, ஆனா டாக்கர் திறக்கற போர்ட் ஐபிடேபிள்ஸ்ல (லினக்ஸோட அடிப்படை ஃபயர்வால்) தன் சொந்த ரூலைப் போட்டுக்கிட்டு அந்த ஃபயர்வாலைத் தாண்டி வெளிய வந்துடும். டேட்டாபேஸோட 3306 போர்ட்டை சும்மா டெஸ்டுக்குன்னு திறந்து வச்சா உலகம் பூரா திறந்திருக்குன்னு அர்த்தம். கட்டாயம் திறந்தே ஆகணும்னா முன்னாடி 127.0.0.1னு சேர்த்து எழுதுங்க, சர்வருக்குள்ளேர்ந்து மட்டும் எட்டும்.

காடிக்கு ஒரு காடிஃபைல், மொத்தமே ரெண்டு வரி சமாச்சாரம்: உங்க சப்டொமைன், அதுக்குள்ள ரிவர்ஸ் அண்டர்ஸ்கோர் ப்ராக்ஸின்னு எழுதி ஆப் சர்வீஸோட பேர், கோலன், 80. ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குத் தேவையான சர்டிஃபிகேட்டை அதுவே லெட்ஸ் என்கிரிப்ட் மாதிரி இடத்துலேர்ந்து வாங்கி அதுவே புதுப்பிச்சுக்கும். காடியோட டேட்டா ஃபோல்டருக்கும் ஒரு வால்யூம் கொடுங்க, இல்லன்னா கன்டெய்னரை மாத்துற ஒவ்வொரு தடவையும் புது சர்டிஃபிகேட் கேட்கும், லெட்ஸ் என்கிரிப்ட்ல ஒரே பேருக்கு வாரத்துக்கு 5 தான், அதுக்கு மேல காத்துக்கிடக்கணும்.

இப்ப டாக்கர் கம்போஸ் அப், கடைசியில ஹைஃபன் டி. அந்த டி இருந்தா பின்னணியில ஓடும். டாக்கர் கம்போஸ் பிஎஸ் அடிச்சா மூணும் அப்னு இருக்கணும், டேட்டாபேஸ் பக்கத்துல ஹெல்தின்னு வரணும். வரலைனா டாக்கர் கம்போஸ் லாக்ஸ், பின்னாடி சர்வீஸ் பேரு. லாக்கோட கடைசி வரியை மட்டும் பார்க்காதீங்க, முதல் எரர் எங்க தொடங்குதோ அதுதான் விஷயம், மத்ததெல்லாம் அதோட எதிரொலி.

பிரவுசர்ல திறந்ததும் இன்ஸ்டாலேஷன் பேஜ் வரும், அட்மின் பேரு, பாஸ்வேர்டு, நிறுவனத்தோட பேரு எல்லாம் கேட்கும். இதை அப்பவே முடிங்க, சாப்பிட்டு வந்து பார்த்துக்கலாம்னு எழுந்திருக்காதீங்க. சர்டிஃபிகேட் வாங்கின உடனே உங்க சப்டொமைன் பேரு பொதுப் பதிவேட்டுல ஏறிடும், அதையே பார்த்துக்கிட்டு இருக்கற பாட்கள் நிமிஷக் கணக்குல வந்து தட்டும், அந்த பேஜை யாரு முதல்ல நிரப்புறாங்களோ அவங்கதான் அட்மின்.

நேரம்

ஆப்புக்குள்ள போனதும் சர்வீஸ் ஒன்னு (கம்போஸ் சர்வீஸ் இல்ல, கஸ்டமர் புக் பண்ற வேலை) போடுங்க, எத்தனை நிமிஷம்னு கொடுங்க, ப்ரொவைடர் ஒருத்தரைச் சேர்த்து அவருக்கு வாராந்திர வேலை நேரமும் இடைவேளையும் கொடுங்க. அட்வான்ஸ் டைம்அவுட்னு ஒரு செட்டிங் இருக்கும், இன்னும் அஞ்சு நிமிஷத்துல தொடங்கற ஸ்லாட்டை யாரும் எடுத்துடாம இருக்க அதுல ரெண்டு மணி நேரமோ நாலோ வச்சுக்கோங்க. இதெல்லாம் மேலோட்டமா பார்த்தாலே புரியும்.

புரியாம போறது டைம் ஜோன். ப்ரொவைடருக்கு ஒரு டைம் ஜோன், புக் பண்றவருக்கு ஒன்னு, கன்டெய்னருக்கு ஒன்னுன்னு மூணு இருக்கு. கன்டெய்னர் வழக்கமா யுடிசியிலதான் (உலகப் பொது நேரம்) ஓடும், லாக்ல நேரம் வேற மாதிரி தெரிஞ்சா பதற வேண்டாம், அதை அப்படியே விடுங்க. ப்ரொவைடரோட ஜோனைத்தான் ஒழுங்கா வைக்கணும், அதுவும் கண்டம், ஊர்ப் பேரு இருக்கற மாதிரியான பட்டியல்லேர்ந்து எடுக்கணும், யுடிசிக்கு இவ்வளவு கூடுதல்னு வெறும் எண்ணை எங்கயும் நம்பாதீங்க. ஏன்னா கோடை நேர மாற்றம் உள்ள நாடுகள்ல அந்த எண்ணே வருஷத்துக்கு ரெண்டு தடவை மாறும், ஊர்ப் பேரு வச்சா ஆப் அதுவே கணக்குப் போட்டுக்கும். அமெரிக்காவுல மார்ச் ரெண்டாவது ஞாயிறு மாறும், ஐரோப்பாவுல மார்ச் கடைசி ஞாயிறு, நடுவுல ரெண்டு மூணு வாரம் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் உள்ள வித்தியாசம் வழக்கத்தை விட ஒரு மணி நேரம் குறைஞ்சிருக்கும். வாராவாரம் நடக்கற மீட்டிங் எல்லாம் சரியா அந்த வாரங்கள்லதான் குழம்பும்.

அதனால ஒரு டெஸ்ட். ஃபோன்ல தானா நேரம் வைக்கறதை ஆஃப் பண்ணிட்டு வேற கண்டத்தோட டைம் ஜோனுக்கு மாத்துங்க, புக்கிங் பேஜை இன்காக்னிட்டோல திறங்க. ஸ்லாட்டுக்கு மேல எந்த ஜோன் தெரியுதுன்னு பாருங்க, காலை 10 மணி ஸ்லாட் அங்க எத்தனை மணியா காட்டுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டு புக் பண்ணுங்க. அப்புறம் அட்மின் காலண்டர்ல அது 10 மணியிலயே விழுந்திருக்கா, கஸ்டமருக்குப் போன மெயில்ல அவரோட நேரம் இருக்கா, கூட வந்த காலண்டர் ஃபைலைத் திறந்தா அதே நேரம்தான் வருதான்னு நாலு இடத்துலயும் ஒத்துப்பாருங்க. அடுத்து அதே டெஸ்டை கோடை நேரம் மாறினதுக்கு அடுத்த வாரத்துல ஒரு தேதியை வச்சு ஒரு தடவை. சலிப்பாத்தான் இருக்கும், ஆனா இதைப் பண்ணாம லிங்கை யாருக்கும் அனுப்பாதீங்க.

மெயில்

சொந்தமா மெயில் சர்வர் வைக்கற யோசனையே வேண்டாம். பல சர்வர் நிறுவனங்கள் வெளிய போற 25ஆம் போர்ட்டை மூடி வச்சிருப்பாங்க, மூடலைனாலும் புது ஐபியிலேர்ந்து போற மெயில் ஸ்பேம்லதான் விழும். ஏதாவது ஒரு எஸ்எம்டிபி சேவையில அக்கவுன்ட் எடுத்து 587 போர்ட்ல அனுப்புங்க, ஆப்ல மெயில்னு தொடங்கற வேரியபிள்கள்ல ஹோஸ்ட், யூசர், பாஸ்வேர்டு, போர்ட், கிரிப்டோ டிஎல்எஸ். அனுப்புறவர் முகவரி உங்க டொமைன்லயே இருக்கணும், அந்த டொமைனோட டிஎன்எஸ்ல எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூணு ரெக்கார்டும் (மெயில் நிஜமாவே உங்க டொமைன்லேர்ந்துதான் வருதுன்னு காட்டுறது) இருக்கணும், என்ன எழுதணும்னு அந்த சேவையே சொல்லும், அதைக் காப்பி பண்ணி ஒட்டினா போதும்.

செட்டிங்ஸ் எல்லாம் தட்டிக்கிட்டு இருக்கும்போது நிஜ ஆளுங்களுக்கு மெயில் பறக்காம இருக்க மெயில்பிட்னு ஒரு சின்ன கன்டெய்னர் உண்டு, அதை நாலாவது சர்வீஸா சேர்த்து எஸ்எம்டிபி ஹோஸ்ட்டா அதையே காட்டுங்க, போர்ட் 1025, அங்க ஆதன்டிகேஷனும் டிஎல்எஸ்ஸும் வேண்டாம். போற மெயிலை எல்லாம் அது பிடிச்சு வச்சுக்கும், 8025ல வர்ற வெப் பேஜ்ல திறந்து பார்க்கலாம். இதுக்கு மட்டும் அந்த 127.0.0.1 வழியில போர்ட் திறந்து எஸ்எஸ்ஹெச் டனல் (உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து சர்வருக்குள்ள போற பாதுகாப்பான வழி) மூலமா பாருங்க. திருப்தி ஆனதும் எடுத்துட்டு நிஜ எஸ்எம்டிபியை மாட்டிடுங்க.

பேக்கப்

டாக்கர் கம்போஸ் டவுன் அடிச்சா கன்டெய்னர் மட்டும் போகும், வால்யூம் பத்திரம். அதுக்குப் பின்னாடி ஹைஃபன் வி சேர்த்தா வால்யூமும் போயிடும், அதாவது எல்லா புக்கிங்கும், அதுக்கு ஆர் யூ ஷ்யூர்னு ஒரு கேள்விகூட கேட்காது. நெட்ல எங்கயாவது இதை ரன் பண்ணிப் பாருங்கன்னு போட்டிருந்தா கடைசியில வி இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க.

ஓடிக்கிட்டு இருக்கற டேட்டாபேஸோட ஃபோல்டரை அப்படியே காப்பி பண்றது பேக்கப் ஆகாது, பாதி எழுதின நிலையில மாட்டலாம். டாக்கர் கம்போஸ் எக்ஸெக், ஹைஃபன் போட்டு பெரிய டி, டேட்டாபேஸ் சர்வீஸ் பேரு, அப்புறம் மைஎஸ்கியூஎல்டம்ப், கூட முன்னாடி ரெண்டு ஹைஃபன் வச்சு சிங்கிள் ஹைஃபன் டிரான்சாக்‌ஷன் ஆப்ஷன், வர்ற அவுட்புட்டை தேதி போட்ட ஒரு ஃபைலுக்குத் திருப்பி ஜிசிப்ல சுருக்கிடுங்க. அந்தப் பெரிய டி இல்லாம கிரான்ல (குறிச்ச நேரத்துக்குக் கமாண்டைத் தானா ஓட்டுறது) போட்டா டெர்மினல் இல்லைனு சொல்லி நிக்கும், கையால ஓட்டும்போது நல்லா இருந்துச்சேன்னு குழம்புவீங்க. தினம் ராத்திரி கிரான்ல ஓடட்டும், ஃபைல் வேற மெஷினுக்குப் போகட்டும். கூடவே கம்போஸ் ஃபைல், காடிஃபைல், டாட் என்வ் மூணும்.

ரெஸ்டோர் பண்ணிப் பார்க்காத பேக்கப்பை நம்பாதீங்க. வேற ஒரு ஃபோல்டர்ல, வேற ப்ராஜெக்ட் பேர்ல காலி மைஎஸ்கியூஎல் ஒன்னு தொடங்கி, டம்ப்பை உள்ள தள்ளி, அப்பாயின்ட்மென்ட்ஸ் டேபிள்ல கடைசி பதிவு நேத்து போட்டதுதானான்னு பாருங்க, பார்த்துட்டு அந்த டெஸ்ட் ப்ராஜெக்டை மட்டும் டவுன் பண்ணிடுங்க, இங்க வேணா ஹைஃபன் வி போட்டுக்கலாம்.

ஓட ஆரம்பிச்ச பிறகு

டாக்கர் லாக் ஃபைலுக்கு வழக்கமா உச்சவரம்பே கிடையாது, மாசக்கணக்குல வளர்ந்து டிஸ்க் நிரம்பினா முதல்ல படுக்கறது டேட்டாபேஸ்தான். ஒவ்வொரு சர்வீஸுக்கும் லாகிங்ல மேக்ஸ் ஹைஃபன் சைஸ் 10 எம்பி, மேக்ஸ் ஹைஃபன் ஃபைல் 3ன்னு வச்சிடுங்க. வெளியிலேர்ந்து சைட் உயிரோட இருக்கான்னு அப்பப்ப தட்டிப் பார்க்கற ஒரு மானிட்டர், அப்டைம் கூமா மாதிரி ஒன்னு, ஆனா அதே சர்வர்ல இல்ல, அந்த சர்வரே விழுந்தா யார் சொல்லுவா.

அப்டேட்டுக்கு ஆட்டோமேட்டிக் எதுவும் வைக்காதீங்க. மத்த சின்னச்சின்ன ஆப்புக்கு சரி, நாளைக்குக் காலையில பத்து பேருக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கற ஒன்னை ராத்திரி தானா மாத்த விடறது வீண் ரிஸ்க். ரிலீஸ் குறிப்பைப் படிங்க, பேக்கப் எடுங்க, கம்போஸ் ஃபைல்ல வெர்ஷன் நம்பரை மாத்துங்க, டாக்கர் கம்போஸ் புல், அப்புறம் மறுபடி அப் ஹைஃபன் டி. ஈஸி அப்பாயின்ட்மென்ட்ஸ்ல அட்மினா லாகின் பண்ணி முகவரிக்குப் பின்னாடி இன்டெக்ஸ் டாட் பிஹெச்பி, சாய்கோடு, அப்டேட்னு போனா டேட்டாபேஸ் அமைப்பை புது வெர்ஷனுக்கு மாத்திக்கும். மைஎஸ்கியூஎல்லையும் ஆப்பையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, ஏதாவது உடைஞ்சா எதால உடைஞ்சதுன்னே தெரியாது. பழைய வெர்ஷனுக்குத் திரும்பணும்னா நம்பரை மட்டும் பின்னுக்கு மாத்தினா போதாது, டேட்டாபேஸ் அமைப்பு மாறியிருக்கும், டம்ப்பையும் சேர்த்து ரெஸ்டோர் பண்ணணும். எல்லாம் முடிஞ்சதும் ஒரு டெஸ்ட் புக்கிங், மெயில் வந்துச்சான்னு பார்த்துட்டு அதை கேன்சல் பண்ணிடுங்க, கேன்சல் மெயிலும் வரணும்.